அண்ணாச்சியின் தாத்தாவைக் கப்பலேற்றிய கடிதம்

மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்த அன்று என் கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையில் படம் என்னுடையது, பெயர் என் அப்பாவுடையது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் யாரோ அப்பாவின் பெயரை எழுதிவைக்க, மஸ்கட்டில் வந்து இறங்கியதும் நான் 'மிஸ் சண்முகம்' ஆகிவிட்டேன். விசா, கார்டு வேலைகளைப் பார்த்துக்கொண்ட லாகூர்க்கார பாய் "சண்முகம் மேடம்" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு மீசை முளைத்துவிட்டதா என்று தடவிப் பார்க்கத் தோன்றும். நாலைந்து முறை சண்டையும் போட்டேன். "சிஸ்டம் மே ஐசா ஹீ ஹை மேடம், கலாஸ்" என்று கையை விரித்துவிடுவார். சிஸ்டத்தில் அப்படி இருக்கிறதாம், அதோடு முடிந்ததாம். என்ன செய்வது, அப்பா பெயருக்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன்.

வேலை என்னவோ சுவாரசியமானதுதான். வளைகுடா வெள்ளைக்காரர்களின் பிடியில் இருந்த காலத்தில் அவர்களுடைய அதிகாரிகள் எழுதிக் குவித்த காகிதங்களை ஸ்கேன் செய்து, எந்தப் பக்கத்தில் யார் பெயர், எந்த ஊர் என்று கம்ப்யூட்டரில் குறிப்பு ஏற்ற வேண்டும். ஆபீசில் மொத்தம் ஆறு பேர். எங்கள் சூப்பர்வைசர் தூத்துக்குடிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நான் திருநெல்வேலி என்று தெரிந்த நிமிடத்திலேயே எனக்கு அவர் அண்ணாச்சி ஆகிவிட்டார். காகிதத்தைப் படித்துக்கொண்டு நிற்காதீர்கள், தள்ளிக்கொண்டே இருங்கள் என்பது ஆபீஸ் சட்டம். அந்தச் சட்டத்தைத் தினமும் முதலில் மீறுகிற ஆள் எங்கள் அண்ணாச்சிதான். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு அன்று படித்ததைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். தயிர்ச்சோறு தொண்டையில் இறங்காமல் சிரித்த நாட்கள் அவை.

அந்த வருடம் வந்தது ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றிய கோப்பு. எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்த நம்மாட்கள், வெயிலுக்கு ஒதுங்க நிழலும் குடிக்க நல்ல தண்ணீரும் வேண்டும் என்று கேட்டு ஒரு காலையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான், அந்தக் கரையில் பிரிட்டிஷ் சர்க்காரின் பிரதிநிதியாக இருந்த துரைக்குக் கைகால் உதறல் எடுத்துவிட்டது. காலையில் போர்க்கப்பல் வேண்டும் என்று மேலதிகாரிக்குத் தந்தி, மத்தியானம் வேண்டாம் என்று தந்தி, சாயங்காலம் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. "கேட்டியளா கதைய! நம்மாளுக மரியாதையாப் பேசுதாங்களாம். கல்லெறியலையாம், கத்தலையாம். அதான் துரைக்குப் பயமா இருக்காம்!" என்று அண்ணாச்சி தொடையில் தட்டிச் சொன்னார். கப்பலும் வந்துவிட்டது. வந்து பார்த்தால், வேலையை நிறுத்தியவர்கள் கூடாரத்தில் பஜனை பாடிக்கொண்டிருந்தார்கள். கப்பல் தலைவன் துரையுடன் தேநீர் குடித்துவிட்டு, எதற்கய்யா என்னைக் கூப்பிட்டாய் என்று கேட்டு ஒரு கடிதமும் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இந்தக் கோப்புக்காகத்தான் அண்ணாச்சி அந்த ஆபீசை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய தாத்தா அதே எண்ணெய் ஊரில் ஃபிட்டராக இருந்தவர். அந்த வேலைநிறுத்தம் நடந்த சமயத்தில்தான், செம்புக் கம்பி திருடினார் என்று கம்பெனி ஒரு காகிதத்தை எழுதிக் கையில் கொடுத்து அவரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டது. ஆளுக்கு முன்னால் அந்தச் செய்தி தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவர்கள் வீடு 'கம்பிக்காரன் வீடு'. தெருவில் ஒரு செம்பு காணாமல் போனால்கூட முதலில் அவர்கள் வாசலைத்தான் பார்ப்பார்களாம். அண்ணாச்சியின் அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. கடைக்குள் போனால் இன்றைக்கும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாராம். இதைச் சொன்னபோது மட்டும் அண்ணாச்சி சிரிக்கவில்லை. "எங்கப்பா கண்ண மூடுததுக்குள்ள உண்மை என்னன்னு தெரிஞ்சாப் போதும் தங்கச்சி. திருடியிருந்தாலும் சரி, அதையாவது தெரிஞ்சுக்கிடுவோம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வேலைநிறுத்தத்தை ஒட்டி நாடு கடத்தப்பட்டவர்களின் பட்டியல் ஒரு திங்கட்கிழமை கைக்கு வந்தது. பதினோரு பேர். அண்ணாச்சி விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார், மறுபடியும் கீழிருந்து மேலே படித்தார். தாத்தாவின் பெயரான முத்தையா அதில் இல்லை. மூன்று நாள் மதியக் கதை கிடையாது. டப்பாவைத் திறப்பார், இரண்டு வாய் சாப்பிடுவார், மூடிவிடுவார். அந்த மூன்று நாளும் ஆபீஸ் ஆபீசாகவே இல்லை. அவர் சொல்லாவிட்டாலும் எங்களுக்குப் புரிந்தது. வேலைநிறுத்தத்தில் அனுப்பப்பட்டவர்களில் அவர் இல்லை என்றால் அந்தக் கம்பிக் கதை உண்மையாகிவிடுமே.

நாலாம் நாள் காலை பாய் கதவைத் திறந்து, "சண்முகம் மேடம், ஜல்தி, கார்டு ரினீவல்!" என்று கத்தினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் சண்முகம் இல்லை, சண்முகத்தின் மகள் என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அடிப் பாவி, மூன்று நாளாக இது மண்டையில் உறைக்கவில்லையே!

"அண்ணாச்சி, உங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன?"

"சுடலைமாடன். எதுக்கும்மா?"

பட்டியலில் ஏழாவது ஆள் சுடலைமாடன். நானே என் கையால் ஏற்றிய பெயர். நம்மவர் முன்னால் போட்டுக்கொள்ளும் அப்பா பெயரைத் துரையின் குமாஸ்தா ஆளின் பெயராகவே எடுத்துக்கொண்டிருக்கிறான். என்னைச் சண்முகமாக்கிய அதே புண்ணியம்! இருவரும் ஓடிப்போய்க் கோப்பைத் திருப்பினோம். ஏழாவது ஆளுக்கு நேரே அடையாளம் எழுதியிருந்தது: தூத்துக்குடி, ஃபிட்டர், இடது கைச் சுண்டுவிரல் பாதி இல்லை. அண்ணாச்சி தன் இடது கைச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டார். "தாத்தாவுக்கு மில்லுல போன விரலு" என்றார்.

அந்த ஆளைப் பற்றி மட்டும் துரை மேலதிகாரிக்கு ஒரு ரகசியக் கடிதம் எழுதியிருந்தான். அதில் இருந்தது இதுதான்: 'எண்ணூறு பேரும் இவன் சொன்னால் உட்காருகிறார்கள், இவன் சொன்னால் எழுகிறார்கள். நான் நேரில் பேசியபோதும் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் தான் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். இவன்மேல் சொல்ல ஒரு குற்றமும் இல்லை. இப்படிப்பட்டவனை வேலைநிறுத்தத்துக்காக அனுப்பினால் இந்தியப் பத்திரிகைகள் கூச்சல் போடும் என்பதால், செம்புக் கம்பி திருடினான் என்று எழுதித் தருவதாகக் கம்பெனி மேனேஜர் சொல்கிறார், எனக்கு ஆட்சேபம் இல்லை.' இவ்வளவுதான் விஷயம். எவ்வளவு நிதானமான, அழகான கையெழுத்து! எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கோபத்தைவிட சந்தோஷம் பெரிதாக இருந்தது. நான் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குதித்தேன். பாய் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "மாஷா அல்லாஹ்!" என்று கூவிக்கொண்டு கீழே ஓடி ஆறு பேருக்கும் கெட்டியான கரக் சாயா வாங்கி வந்தார்.

அண்ணாச்சி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டார். ஆபீஸ் முழுவதும் அவர் தோளுக்குப் பின்னால் நின்றது. பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அண்ணாச்சி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் முகத்தைத் திரைக்கு மிகப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். முடித்ததும் அண்ணாச்சி, "தாத்தா திருடலப்பா. வெள்ளைக்காரனே எழுதியிருக்கான்" என்று உடைந்து அழுதார்.

பெரியவர் அழவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, திருடலைன்னு எனக்குத் தெரியாதா? எங்கய்யால்லா! அதுக்கு வெள்ளைக்காரன் வந்து சாட்சி சொல்லணுமோ?"

பிறகு அவர் குரலை இறக்கி, "எண்ணூறு பேரா?" என்றார்.

"ஆமாப்பா. எண்ணூறு பேரு."

"அத அவரு ஒரு நாளும் எங்கிட்டச் சொல்லலையே" என்றவர் போனோடு எழுந்து வெளியே நடந்தார். திரையில் கூரையும் வேப்பமரமும் வானமும் தாறுமாறாக ஆடின. தெருவில் நின்று யாரையோ, அடுத்து இன்னும் யாரையோ, பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. பிறகு அவர் முகம் மறுபடியும் வந்தது, பின்னால் ஏழெட்டுத் தலைகள்.

"இப்பம் முதல்ல இருந்து வாசிலே," என்றார். "சத்தமா வாசி."