காற்றுக்கு முதுகு காட்டி நின்றவர்

புதுப்பனிக்குள் வரும் ரெயில் எஞ்சினுக்குச் சத்தம் இல்லை. சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. அவ்வளவு பெரிய டீசல் எஞ்சின், நிலம் அதிர வருமே என்று எனக்கே பாடம் எடுப்பார்கள். வரும்தான். ஆனால் முழங்காலளவு பனி கிடக்கும் நாளில் அந்த அதிர்வையும் இரைச்சலையும் பனி குடித்துவிடும். கிட்ட வந்த பிறகுதான் தெரியும். தெரிந்து என்ன பயன்.

நான் ரொறன்ரோவில் பனி தள்ளும் எஞ்சினில் வேலை செய்தவன். எஞ்சினின் மூக்கில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பிளேட் பூட்டியிருக்கும். டிரைவர் எஞ்சினை ஓட்டுவார், பிளேட்டை ஏற்றி இறக்குவது என் பொறுப்பு. ரோட்டைக் கடக்கும் இடங்களிலும், தண்டவாளம் இரண்டாகப் பிரியும் சுவிட்சுகளிலும் அதைத் தூக்கிவிட வேண்டும். தவறினால் பிளேட் இரும்பில் கொழுவி எஞ்சினையே கவிழ்த்துவிடும். முன்கண்ணாடியில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியாது. தண்டவாளக் கரையில் நட்டிருக்கும் எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்துத்தான் தூக்குவது. பாதிக் குருடன் செய்கிற வேலை, அதற்குப் பேர் மட்டும் ஒப்பரேட்டர்.

அந்த ரெயில் யார்டில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர். மற்றவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். சுவிட்சுகளுக்குள் அடைந்த பனியைக் கூட்டும் தும்புக்கட்டையாலும் ஊதும் மெசினாலும் எடுக்கிற கூட்டத்தில் அவர் இருந்தார்.

“உனக்கென்ன ராசா, ஹீட்டருக்குள்ள இருந்து ஊர்வலம் போறாய். நான் இஞ்ச விறைச்சுச் சாகிறன்” என்பார்.

“நீங்கள் விறைச்சாலும் உங்கட வாய் விறைக்காது அண்ணை” என்பேன்.

இலங்கையில் போர் முடிந்த வருடத்தின் பனிக்காலத்தில் அந்தப் பகிடியும் நின்றுபோயிற்று. அவருடைய ஒரே மகன் வன்னியில் இருந்தான். மனைவியோடும் கைக்குழந்தையோடும் இடம் மாறி இடம் மாறி, கடைசியில் கடற்கரைப் பக்கம் ஒதுங்கியிருந்தான். அங்கிருந்து அழைப்பு வரும், இங்கிருந்து எடுக்க வழியில்லை. யாரோ ஒருவரிடம் இருக்கும் சற்றலைற் போனுக்கு முன்னால் சனம் வரிசையில் நிற்கும். ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் கிடைக்கும். சனம் கூடுகிற இடம் பார்த்துப் பீரங்கிச் செல் விழுகிறது என்றும் கேள்விப்பட்டோம்.

ஆகவே அந்த மாதங்களில் எங்கள் சனம் போனைக் கீழே வைக்கவில்லை. குளிக்கும்போது பொலித்தீன் பைக்குள் போட்டுக் குழாயில் தொங்கவிட்டோம். கோயிலில் பூசை நேரத்தில் அடித்தால் ஐயர்கூட மணியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். செத்தவீட்டில் அடித்தால் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

எங்கள் யார்டில் போனை லொக்கருக்குள் பூட்டிவிட்டுத்தான் லைனில் இறங்க வேண்டும். கண்டிப்பான சட்டம். அண்ணை அதைக் கம்பளித் தொப்பிக்குள், காதோரமாகச் செருகிக்கொண்டு போனார். நான் கண்டுபிடித்துப் பேசினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள், அன்றைக்கு அது மூக்கைத் தாண்டியும் வந்தது.

“அண்ணை, உதைக் கண்டாங்கள் எண்டால் வேலை போயிடும்.”

“வேலை போனால் வேறை வேலை. அவன்ர கோல் போனால்?”

முதல் தடவை மகன் எடுத்தபோது இரண்டு பேரும் அழுதே நேரத்தை முடித்துவிட்டார்கள். அது அவரைத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த முறை அழப்போவதில்லை என்றார். “ஒரே ஒரு கதைதான். மனிசி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆமி நிக்கிற அந்தக் கரைக்குப் போயிடு. மிச்சத்தைப் பிறகு பாப்பம். உதைச் சொல்லிப்போட்டன் எண்டால் போதும்.” மத்தியானம் சாப்பிடும்போதும் அதையே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்.

அந்த நாள் விடியற்காலையிலிருந்தே பனி கொட்டியது. தமிழ் ரேடியோ ஊர்ப்பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு பெயரும் முதல்நாள் சொன்னதைவிடக் கடலுக்குக் கிட்ட இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு மோர்னிங்சைட் பக்கம் போகும் பாதையைத் துப்புரவாக்கப் புறப்பட்டோம். காற்று எங்களுக்குப் பின்னால் இருந்து அடித்தது. பிளேட் கிளப்பிய பனியை அது எங்களுக்கு முன்னாலேயே கொண்டுபோய்ச் சுவர் கட்டியது.

எஞ்சின் கிட்ட வரும்போது கீழே நிற்பவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கையை உயர்த்துவார்கள். அவர்களின் மேற்பார்வையாளனான போமன் கைகளை எண்ணிவிட்டு வோக்கி ரோக்கியில் எங்களுக்குச் சொல்லுவான். அன்றைக்கும் எண்ணினான். எல்லாம் சரி, வாருங்கள் என்றான். அண்ணையும் கையை உயர்த்தியிருந்தார். அதற்குப் பிறகுதான் தொப்பிக்குள் போன் அடித்தது.

பிறகு அவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். பக்கத்தில் ஊதும் மெசின் ஓடிக்கொண்டிருந்ததால் மகனின் குரல் விளங்கவில்லை. தண்டவாளத்தின் இரண்டு கரையிலும் இடுப்பளவு பனி. நடக்கக்கூடிய இடம் அவர்களே கூட்டித் துப்புரவாக்கிய தண்டவாளம்தான். மெசின் சத்தத்தை விட்டுத் தள்ளிப்போக அதிலேயே நடந்திருக்கிறார். போனுக்குள் காற்று இரையாமல் இருக்க, குளிர்காலத்தில் இந்த ஊரில் எல்லோரும் செய்வதுபோல, காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருக்கிறார். அந்தக் காற்றோடுதான் நாங்கள் வந்துகொண்டிருந்தோம்.

சுவிட்சுப் பலகையைப் பார்த்து நான் பிளேட்டைத் தூக்கினேன். பனிச்சுவர் கொஞ்சம் கலைந்தது. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு முதுகு. ஒரு கை காதில், மற்றக் கையின் விரல் மற்றக் காதுக்குள்.

என் கை ஹோர்னில் விழுந்தது. எடுக்கவில்லை. யன்னலைத் திறந்து “அண்ணை, பாய்” என்று தொண்டை கிழியக் கத்தினேன். டிரைவர் பிரேக்கை முழுதாக இழுத்தார். கடைசி நேரத்தில் அண்ணை திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பனிக்குள் விழுந்தார். எஞ்சின் அவர் நின்ற இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

இறங்கி ஓடினேன். உயிரோடு கிடந்தார். எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது. “உமக்கு விசரே?” என்று மரியாதை விட்டுப் பேசினேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

“போன் எங்க?” என்றார்.

கையால் கிண்டி எடுத்தோம். பனித்தண்ணீர் இறங்கி அது செத்துப்போயிருந்தது. அதன் சிம்மைக் கழற்றி என் போனில் போட்டு, என் போனையே அவரிடம் கொடுத்தேன்.

“அப்பா, கேக்குதே எண்டான். நானும் கேக்குதே, கேக்குதே எண்டன். பிறகு உன்ர ஹோர்ன்” என்றார். என் போனைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, “உன்னில பிழையில்லையடா. திருப்பி எடுப்பான்” என்றார்.

அந்தப் பனிக்காலம் முடியும்வரை அவரை லைனில் இறங்க விடவில்லை. போன் அடிக்கவும் இல்லை. போரை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுன் ரோட்டோரங்களில் எங்கள் சனம் கைகோத்து நின்றது. பனி கரைந்தது. மே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது.

கோடைகாலத்தில் ஒரு சனிக்கிழமை அவருடைய பேஸ்மென்டுக்கு மீன்குழம்பு கொண்டுபோயிருந்தேன். சாப்பிட உட்காரும் நேரத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர். காது மந்தமாகிவிட்டது என்று அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?” ஒரு பெண்குரல். அவருடைய மருமகள். அகதி முகாமுக்குள் இருந்து, யாருடைய போனிலோ.

“நான்தான் பிள்ளை, மாமா.”

“மாமா, நீங்கள் உயிரோட இருக்கிறியளே?” என்றாள்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அங்கே இருப்பவள் இங்கே இருப்பவரிடம் கேட்கிற கேள்வியா இது.

“அண்டைக்கு அவருக்கு போனில ரெயில் சத்தம் கேட்டதாம். ஆரோ கத்தினதும் கேட்டதாம். பிறகு ஒண்டும் இல்லையாம். அப்பாவை ரெயில் அடிச்சுப் போட்டுது எண்டு இரவு முழுக்க அழுதவர். விடிய நாங்கள் அந்தக் கரைக்கு வெளிக்கிட இருந்தனாங்கள் மாமா. அதைச் சொல்லத்தான் உங்களுக்கு எடுத்தவர். எல்லாம் கட்டி வச்சிட்டம். அப்பாவுக்கு என்னெண்டு தெரியாமல் வரமாட்டன், ஒருக்காக் கேட்டுப்போட்டு ஓடிவாறன் எண்டு திரும்பவும் போனுக்குப் போனவர். அந்த வரிசையில நிக்கேக்கதான் செல் விழுந்தது.”

ஹோர்னை அழுத்திய கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. மடிக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அண்ணை போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா? நிக்கிறியளே மாமா?”

“ஓம் பிள்ளை” என்றார் அண்ணை. “நான் இருக்கிறன்.”