நூற்றிருபது சென்டிமீட்டர்

ஒரு மனிதனின் வேலையை நான் பொய் சொல்லிப் பறித்தேன்.

சுற்றி வளைத்து எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளாக மறைத்து வைத்திருக்கிறேன். என் கணவருக்குத் தெரியாது. கணவரின் அக்காவான என் மைனிக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்த மனிதர். இன்னொருத்தி, அன்றைக்கு ஏழு வயதுப் பிள்ளையாக இருந்த மைனியின் மகள் கீது.

சிரிக்காதீர்கள்... இது நடந்தது ஒரு வாட்டர் பார்க்கில்.

தமிழக எல்லையை ஒட்டிய கேரளப் பாறசாலையில், சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை உண்டு. கம்ப்யூட்டர், பிரின்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தமிழிலும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மலையாளத்திலும் விண்ணப்பம், மனு, புகார் எல்லாம் எழுதிக் கொடுப்பேன். வீட்டில் நான் பேசுவது இரண்டும் கலந்து பிசைந்த எங்கள் ஊர்ப் பேச்சு. அலுவலகத்துக்குப் போனால் செய்தி வாசிப்பவளின் மலையாளம் வரும். புகார் எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் திறமைதான் என்னைக் கெடுத்தது என்று சொன்னால் அதுவும் ஒரு சாக்குத்தான், இல்லையா?

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் மைனியிடம் கீதுவை இரவல் கேட்பேன். ஆம், இரவல்தான்! மைனி நெய்யாற்றின்கரையில் வாழ்க்கைப்பட்டவள். "கொண்டு போ, ஆனா பிள்ளையப் பாத்துக்க. பெத்தவளுக்கு உள்ள பயம் உனக்கு இருக்காது" என்பாள். ஒவ்வொரு முறையும் அதே சொல். சுருக்கென்று தைக்கும், சிரித்துக்கொண்டே பையைத் தூக்குவேன்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? கோயிலுக்குப் போனால் அவளுக்குச் சலிக்கும். கடற்கரைக்குப் போனால் எனக்குப் பயம். அப்படித்தான் வாட்டர் பார்க் பைத்தியம் பிடித்தது. ஓணத்துக்கு ஒன்று, மே மாதம் ஒன்று. குடும்பத்தில் யாராவது போக நினைத்தால் என்னிடம்தான் கேட்பார்கள். எல்லைக்குத் தெற்கே உள்ள சின்னப் பார்க்கில் சறுக்கு குறைவு, ஆனால் மரநிழல் உண்டு. வெயிலில் கால் பொள்ளாது. கையில் கொண்டுபோன சோற்றை உள்ளே வைத்துத் தின்ன விடுவார்கள். மலையடிவாரத்தில் இருப்பதில் அலைக்குளம் கொள்ளாம், நன்றாகவே இருக்கும், ஆனால் உடை மாற்றும் அறையில் மூக்கைப் பிடிக்க வேண்டும். மழை நடனம் என்று ஒரு கொட்டகை உண்டே, பாட்டுப் போட்டுத் தண்ணீரைப் பீச்சுவார்களே, அது எந்தப் பார்க்கில் இருந்தாலும் வயதானவர்களுக்கு அதுதான் பிடிக்கும். என் மாமியாரே அதில் ஆடியிருக்கிறாள்!

என் கணக்கில் முதலிடம் வடக்கே நான்கு மணி நேரப் பயணத்தில் உள்ள பெரிய பார்க்குக்கு. தண்ணீர் கண்ணை எரிக்காது. மெதுவாக ஓடும் ஆற்றில் டயரில் மல்லாந்து கிடந்தால் உலகமே மறந்துபோகும். அதைவிட, அங்கே நாலு மாடி உயரத்தில் ஒரு குகைச் சறுக்கு உண்டு. இரண்டு பேர் முன்னும் பின்னுமாகக் காற்றடித்த ட்யூபில் உட்கார்ந்து, இருட்டுக் குழாய்க்குள் சுழன்று சுழன்று இறங்க வேண்டும். கடைசி வளைவில் ஒரு கேமரா. வெளியே வரும்போது நம் அலறல் முகத்தைப் படமாக விற்பார்கள். கீதுவோடு அதில் இறங்கி அந்தப் படத்தை வாங்கி வீட்டில் மாட்ட வேண்டும்... அம்மாவும் மகளும் போல. இந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அந்தச் சறுக்குக்கு நூற்றிருபது சென்டிமீட்டர் உயரம் வேண்டும். கீது நூற்றுப் பதினான்கு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அங்கே எல்லாரும் நைலான் உடையும் தொப்பியும் போட வேண்டும். பிள்ளையின் முடியை உச்சியில் கொண்டையாகச் சுருட்டி, மேலே தொப்பியை இழுத்துவிட்டேன். படியேறி வரிசையில் நிற்கும்போது காதில் சொன்னேன், "எட்டி மக்கா, பலகைக்கிட்ட போன உடனே குதிகாலத் தூக்கி நில்லணும், கேட்டியா?"

உயரப் பலகைக்குப் பக்கத்தில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். கறுத்த திடமான உடம்பு, கழுத்தில் விசில். "பாறசாலையா, களியக்காவிளையா?" என்று கேட்டார், எங்கள் பேச்சிலேயே!

"பாறசாலையாக்கும் அண்ணே. நீங்க?"

"பொழியூர். பனியடிமைன்னு பேரு. வீட்டைக் கடல் எடுத்துட்டு. வள்ளத்தை வித்துட்டு இங்க வந்து இந்த உப்பில்லாத் தண்ணிக்குக் காவல் நிக்கேன்."

அத்தனை தூரத்தில், எல்லாரும் சுத்தமாகப் பேசும் இடத்தில், அந்தப் பேச்சைக் கேட்டால் மனம் இளகிவிடும். எல்லையில் பிறந்தவர்களுக்கு இது ஒரு பலவீனம். இந்தப் பேச்சு பேசுகிறவன் நம் சொந்தம் என்று தோன்றிவிடும். அவருக்கும் தோன்றியிருக்கிறது. எனக்கும் தோன்றியது... ஆனால் நான் அதைக் கணக்குப் போட்டுப் பயன்படுத்தினேன்.

அவர் கீதுவின் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். "இந்தக் கொண்டைக்குத் தனி டிக்கெட் எடுத்தியளா?"

எனக்கு முகம் செத்துவிட்டது. "அண்ணே, நாலு மணி நேரம் வண்டியில வந்திருக்கோம். ஒரே ஒரு தடவை. நம்ம ஊரு பிள்ளைல்லா?" என்று கெஞ்சினேன்.

அவர் கீழே பார்த்தார், பின்னால் வரிசையைப் பார்த்தார். "ஒரு தடவை மட்டும் தங்கச்சி. பிள்ளை கைப்பிடிய விடக்கூடாது. கீழ போய்ச் சேருற வரைக்கும் விடக்கூடாது. நீங்க ரெண்டு காலாலயும் பிள்ளைய இறுக்கிக்கிடணும்." இதை இரண்டு முறை சொன்னார். கீதுவின் விரல்களைப் பிடித்துக் கைப்பிடியில் அவரே வைத்தார்.

இருட்டில் சுழன்று இறங்கினோம். கீது சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கடைசி வளைவில் வெளிச்சம் தெரிந்ததும் எனக்குக் கேமரா நினைவு வந்தது. "கீது, கையத் தூக்கு, போட்டோ!" என்று கத்தினேன்.

பிள்ளை சொன்னபடி கேட்டாள். இரண்டு கையையும் தூக்கினாள்.

ட்யூப் சுவரில் ஏறி இறங்கியது. அவள் என் கால்களுக்குள்ளிருந்து நழுவி, முகம் குப்புறக் குழாயின் விளிம்பில் மோதினாள். கீழே குளத்தில் நான் அவளைத் தூக்கியபோது தாடை கிழிந்திருந்தது. முளைத்து ஒரு வருடம்கூட ஆகாத முன்பற்கள் இரண்டும் பாதியாக உடைந்திருந்தன. பால்பல் அல்ல... திரும்ப முளைக்காத பல்.

முதலுதவி அறையில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மைனி போனில் வந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் கூப்பிடுவாள். என்ன அழுகை என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் இனி இந்தப் பிள்ளையை என் கையில் தரமாட்டாள். "பெத்தவளுக்கு உள்ள பயம்..." அந்தச் சொல் சாகும்வரை என் தலைக்கு மேல் நிற்கும். "மைனி, இங்க உள்ள ஆளு உயரம் அளக்காம பிள்ளைய ஏத்தி விட்டுட்டான்" என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்!

சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டாமா? அலுவலகத்துக்குப் போனேன். பேப்பர் கேட்டு வாங்கி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அழகான மலையாளம். 'கடமையில் கவனக்குறைவு' என்று எழுதினேன். 'குழந்தையின் உயிருக்கு ஆபத்து' என்று எழுதினேன். என் கடைக்கு வரும் பாவப்பட்டவர்களுக்காக எழுதிப் பழகிய வரிகள் அத்தனையும் எடுத்து ஒரு பாவப்பட்டவன் மேல் எறிந்தேன்.

மேலாளர் அவரை அழைத்தார். ஈர உடையோடு வந்து நின்றார். முதலில் கீதுவைத்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, நீங்க கேட்டு நான் விட்டதுன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். விட்டது என் தப்புதான். அளக்கல்லன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார். பதற்றத்தில் எங்கள் ஊர்ப் பேச்சுதான் வந்தது அவருக்கு.

இவரை முன்பே தெரியுமா என்று மேலாளர் என்னிடம் மலையாளத்தில் கேட்டார், "இயாளெ முன்பே அறியாமோ?"

"அறியில்ல" என்றேன்.

பனியடிமை அண்ணன் சொல்வது என்ன என்று மேலாளர் கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். என் தாய் பேசிய பேச்சு எனக்குப் புரியவில்லை என்று, துளி ஊர்வாடை இல்லாத மலையாளத்தில் சொன்னேன்!

பனியடிமை அண்ணன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என் பக்கத்தில் கீது கட்டுப் போட்ட தாடையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் பேசவில்லை. வலியில் பேச முடியவில்லை என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. வெளியே வரும் வழியில் போட்டோ கடைத் திரையில் எங்கள் படம் ஓடிக்கொண்டிருந்தது. கீது இரண்டு கையையும் தூக்கியிருக்கிறாள், பின்னால் நான் வாயைத் திறந்து கத்துகிறேன். படத்தை வாங்கினேன். திரையிலிருந்தும் அழிக்கச் சொன்னேன். வண்டியில் ஏறும் முன் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நான் ஆசைப்பட்ட படம் அது.

ஒரு வாரம் கழித்து பார்க்கிலிருந்து போன் வந்தது. அந்த ஆளை நீக்கிவிட்டதாகச் சொல்லி, எனக்குத் திருப்திதானே என்று கேட்டார்கள். "திருப்தி" என்றேன். மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருந்தது கொண்டு நியாயம் கிடைச்சு. நானா இருந்தா வாயடைச்சு நிண்ணிருப்பேன்" என்றாள். கலியாண வீடுகளில் மைனி இந்தக் கதையைச் சொல்வாள். என் மலையாளத்தைப் புகழ்வாள். கீது பக்கத்திலேயே இருந்து கேட்பாள். நான் பாயசம் குடித்துக்கொண்டிருப்பேன்.

அவரைத் தேடினாயா என்று நீங்கள் கேட்கலாம். தேடினேன்... ஒரே ஒரு நாள். பொழியூரில் பஸ் இறங்கி, கடலைத் தடுக்கக் கல் போட்டிருக்கும் இடம் வரைக்கும் நடந்தேன். மீன் விற்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன். "எந்தப் பனியடிமை? இங்க வீட்டுக்கு ஒரு பனியடிமை உண்டு" என்றாள். பார்க்கில் வேலை செய்தவர் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் அடையாளம் சொல்லியிருப்பாள். நான் சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினேன். ஏறியதும் எனக்கு வந்தது நிம்மதி. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

இப்போது கீதுவுக்குப் பதின்மூன்று வயது. பல்லுக்கு உறை போட்டிருக்கிறது; சிரித்தால் வித்தியாசம் தெரியாது. இன்னும் என்னோடுதான் பார்க்குக்கு வருகிறாள். அந்தப் பெரிய பார்க்குக்கு மட்டும் நாங்கள் போவதில்லை. அது இப்போது நன்றாக இல்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று மாலை மைனியும் அவளும் வந்தார்கள். போன வாரம் பள்ளி பஸ் நிற்கும் முன்பே பின்கதவு திறந்துகொண்டு, கீதுவின் வகுப்புப் பிள்ளை ஒருத்தி விழுந்து கை ஒடிந்துவிட்டதாம். பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரியங்கோட்டிலிருந்து, எங்கள் ஊர்ப் பேச்சு பேசும் ஒரு பெண் வருவாள். அவள் கதவைப் பூட்டவில்லை என்று கீது தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறாள். பூட்டினேன் என்று அந்தப் பெண் அழுகிறாளாம். வீட்டிலிருந்து ஆள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"நீயே போயிட்டு வா. அதிகாரிகள்கிட்ட எனக்கு மலையாளம் குழறும்" என்றாள் மைனி.

மைனி குளியலறைக்குப் போன நேரத்தில் நான் மெதுவாகக் கேட்டேன், "மக்கா, அந்தத் தாழ்ப்பாளை யாரு எடுத்தது?"

"நான்தான்" என்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை, கள்ளத்தனமும் இல்லை. என்மேல் உள்ள நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. "அதுக்கென்ன மாமி. அன்னைக்கு பார்க்கு ஆபீசில பேசினியளே, அதுபோல வந்து பேசினா போதும். அந்த பஸ் அக்கா பேசுகது அவங்களுக்குச் சரியா மனசிலாகாது."

அவளை உட்கார்த்தி, அன்று நான் செய்தது பாவம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது... குளியலறைக் கதவு திறந்தது. மைனி முகம் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"திங்கள் காலையில பத்து மணிக்கு" என்றாள் கீது.

"சரி மக்கா" என்றேன்.

நான் அங்கே போய் என்ன பேசுவேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், இல்லையா? எனக்கும் தெரியவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை.