மின்விசிறிக்குக் கீழே ஒரு ஜோடி

பாலக்கோட்டில் நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஊர் ஒதுக்கி வைத்த ஆடியிலும் மார்கழியிலும்தான் பிளசியின் வாழ்க்கையில் நல்லது எல்லாம் நடந்தது. அந்த மாதங்களில் கல்யாண மண்டபம் காலியாகக் கிடக்கும். மற்ற மாதங்களில் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் முகூர்த்த நாட்களைத் தேதி தவறாமல் ஒப்பிக்கத் தெரிந்த ஒரே பிள்ளை அவள்தான். ஃபாதருக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

மண்டபம் எதற்கு என்றால், இறகுப்பந்து ஆட. பள்ளிக்கூட மைதானத்தில் வீசுகிற காற்றுக்கு, அடித்த ஷட்டில் அடித்தவள் தலையிலேயே திரும்பி வந்து விழும். பிளசிக்கு ஒரு வகுப்பு மேலே படித்த காவியாவின் தாய்மாமன் அர்ச்சுனன்தான் மண்டபத்துக்கு மேனேஜர். மண்டபம் காலியாக இருக்கும் நாட்களில் ஒரு மணி நேரத்துக்குச் சாவி கொடுக்க ஒப்புக்கொண்டார். ஆட ஆசைப்பட்டவர்கள் நாலு பெண்கள். ஒண்டிக்கு ஒண்டி ஆடினால் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வேண்டும் என்பதால் நாலு பேரும் சேர்ந்தே ஆடினார்கள். பிளசி இரட்டையர் ஆட்டக்காரி ஆனது இப்படித்தான். லட்சியம் ஏதும் இல்லை.

சாவியோடு அர்ச்சுனன் ஒரு சட்டத்தையும் கொடுத்தார். மண்டபத்துக்குக் கூரை தாழ்வு. அதிலிருந்து கம்பி நீட்டி எட்டு ஃபேன் தொங்கும்.

"குதிங்க, உருளுங்க, என்னமோ பண்ணுங்க. ஷட்டில் ஃபேன்ல பட்டுச்சுன்னா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது. வூட்டுக்குப் போயிரணும்."

"ஓடாத ஃபேன்ல பட்டா என்ன ஆவும் மாமா?" என்றாள் காவியா.

"ஃபேனுக்கு ஒண்ணும் ஆவாது. உனக்கு ஆவும்."

அர்ச்சுனனுக்கு இறகுப்பந்தைப் பற்றி அன்றும் ஒன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனாலும் காவியா-பிளசி ஜோடியை உருவாக்கியது அவருடைய எட்டு ஃபேன்கள்தான். மற்ற ஊர்களில் நெருக்கடி வந்தால் ஷட்டிலை உயரத் தூக்கிப் பின்கோட்டுக்கு அனுப்பிவிட்டு மூச்சு வாங்கிக்கொள்வார்கள். பாலக்கோட்டில் மூச்சு வாங்க இடமில்லை. வந்த வேகத்திலேயே, வலையை உரசுகிற மாதிரி, நேராகத் திருப்பி அடிக்க வேண்டும். தப்பினால் வீடு.

இந்த ஆட்டத்தோடு வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனார்கள். நெட்டையான காவியா பின்னால் நிற்பாள். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைந்த பிளசி வலையோரம் நின்று, வருகிற ஷட்டிலையெல்லாம் கொசு அடிப்பது போல மறித்து அடிப்பாள். எதிரே இருப்பவர்கள் திணறிப்போய் உயரத் தூக்குவார்கள். காவியா எம்பி அடிப்பாள். கைதட்டல் காவியாவுக்கு.

பேப்பரில் வந்த படங்களிலும் அப்படித்தான். காவியா அந்தரத்தில் நிற்பாள். ஓரத்தில் பிளசியின் முழங்கை தெரியும். மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு ஓட்டும் பிளசியின் அப்பா மதலைமுத்து, ஒவ்வொரு படத்தையும் கத்தரித்து வண்டிக்குள் ஒட்டி வைத்தார். யாராவது ஏறிட்டுப் பார்த்தால் போதும்.

"நம்ம பொண்ணுங்க."

"நல்ல ஒசரமா இருக்குதுங்களே."

"அது காவியாங்க. நம்ம பொண்ணு இந்த முழங்கை."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு குறையும் இருக்காது.

இரண்டு முறை மாநில ஜூனியர் பட்டம் வாங்கிய பிறகு பெங்களூரில் ஓர் அகாடமி இருவரையும் சேர்த்துக்கொண்டது. அங்கே கூரை கோபுர உயரம். ஒரு வாரம் பார்த்துவிட்டு கோச் பிளசியைக் கூப்பிட்டார்.

"உனக்கு ஷட்டிலைத் தூக்கிப் போடவே வராதா?"

"வேண்டியிருந்ததில்லைங்க சார்."

தினம் இருநூறு முறை தூக்கிப் போடச் சொன்னார். மூன்றே மாதத்தில் அழகாகத் தூக்கக் கற்றுக்கொண்டாள். கேடு அங்கேதான் வந்தது. இதுவரை அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது, இப்போது இரண்டு. எது என்று யோசிப்பதற்குள் ஷட்டில் தாண்டிப் போயிருக்கும். நாலு போட்டிகள், நாலிலும் முதல் சுற்றோடு சரி.

கோச் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். அடுத்தது ஹைதராபாத் போட்டி. அதில் காலிறுதியைத் தாண்டாவிட்டால் காவியாவுக்கு வேறு ஜோடி. பிளசியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பின்னால் காவியா இல்லாத பிளசி வெறும் முழங்கை என்பது பிளசிக்கே தெரியும்.

அன்று சாப்பிடும்போது காவியா சொன்னாள்: "நீ போனா நானும் ஊருக்கு வந்துர்றேன்."

"வந்து? தக்காளி ஏத்தவாக்கா?"

"உங்கப்பா வண்டியில எனக்கு எடம் இருக்குமா?"

"உள்ள காலை மடக்க முடியாது. லோடு மேல உக்காந்துக்க."

ஹைதராபாத்தில் காலிறுதி வரை தட்டுத் தடுமாறி வந்துவிட்டார்கள். காலிறுதியில் முதல் செட் பன்னிரண்டுக்கு இருபத்தொன்று என்று போனது. பிளசி கற்றுக்கொண்டபடி அழகாகத் தூக்கினாள். எதிர் ஜோடி அதைவிட அழகாக அடித்து இறக்கியது.

இடைவேளையில் காவியா முகத்தைத் துடைத்துக்கொண்டே மேலே கை காட்டினாள். "அங்க என்ன தொங்குது?"

"லைட்டு."

"நல்லாப் பாரு. எட்டு ஃபேன். மாமா சாவியோட வாசல்ல நிக்குறாரு."

பிளசி அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஏதோ ஒன்று தோளிலிருந்து இறங்கிப் போனது.

இரண்டாவது செட்டில் அவள் ஒரு ஷட்டிலைக்கூடத் தூக்கவில்லை. கோச் நாற்காலியிலிருந்து "தூக்கு, தூக்கு" என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் பேச்சைத் தட்டாமல் வளர்ந்த பெண் முதன்முறையாகத் தட்டினாள். இருபத்தொன்றுக்குப் பதினைந்து. மூன்றாவது செட் இழுத்துக்கொண்டே போய் இருபதுக்குப் பத்தொன்பதில் வந்து நின்றது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜோடி பிழைக்கும்.

அந்தப் புள்ளி மட்டும் முடியவே மாட்டேன் என்றது. இரு பக்கமும் தாழத் தாழ அடித்துக்கொண்டே இருந்தார்கள். இந்தக் குட்டைப் பெண் தூக்கவே மாட்டாள் என்று முடிவு கட்டிய எதிர் ஜோடி, ஓரடி ஓரடியாக முன்னேறி, இருவருமே வலைப்பக்கம் வந்துவிட்டது. அவர்கள் முதுகுக்குப் பின்னால் முழு மைதானமும் காலியாகக் கிடப்பதைப் பிளசி பார்த்தாள்.

தூக்கினாள். ஷட்டில் நிதானமாக, கல்யாண ஊர்வலம் போல மேலே போனது. இருவரும் திரும்பிப் பார்த்தார்களே தவிர ஓடவில்லை. பின்கோட்டின் மேலேயே அது இறங்கியது. கோட்டு நடுவர் உள்ளே என்று கை காட்டினார்.

"அந்தக் கடைசி ஷாட் நான் சொல்லிக் குடுத்தது" என்றார் கோச், கண் கலங்கி. அது உண்மைதான். அதற்கு முந்தைய நாற்பத்தொரு புள்ளிகளை யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மறுநாள் அரையிறுதியில் தோற்றார்கள். ஆனால் வேறு ஜோடி என்ற பேச்சு அதன் பிறகு எழவில்லை. இப்போது பிளசிக்கு இருபத்தாறு வயது. மலேசியா வரை போய் ஆடிவிட்டு வந்திருக்கிறார்கள். ஹைதராபாத் படம் பேப்பரில் வந்தபோது அதில் காவியா அந்தரத்தில் இருந்தாள், ஓரத்தில் முழங்கை. மதலைமுத்து அதையும் ஒட்டினார்.

ஹைதராபாத்துக்கு அடுத்து வந்த ஆடியில் ஊருக்கு வந்தபோது இருவரும் சாவி கேட்டு மண்டபத்துக்குப் போனார்கள். அர்ச்சுனன் அந்தக் காலிறுதி ஆட்டத்தை ஃபோனில் நாலு தடவை பார்த்திருந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாஞ் சரி. கடைசியா ஒண்ணு தூக்குனியே, பிளசி."

"ஆமாங்கண்ணா."

"இங்கன்னா அது மூணாவது ஃபேன்ல பட்டிருக்கும்."

பிளசி மேலே பார்த்து, தூரத்தை மனசுக்குள் அளந்தாள். "நாலாவதுங்கண்ணா," என்றாள். "பட்டிருந்தா வூட்டுக்குப் போயிருப்போம்."

அவர் நாலாவது ஃபேனைப் பார்த்தார். ஒப்புக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.