அரைக்குளிசை

சரோஜினிதேவி தன் புருஷன் நவரத்தினத்தை முப்பத்தொரு வருடமாக அரைக்குளிசை என்றுதான் கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்துப் பெண்கள் புருஷனின் பேரைச் சொல்வதில்லை, இஞ்சாருங்கோ என்பார்கள். இவளும் கலியாணமான புதிதில் அப்படித்தான். பிறகு அந்தச் சொல் வாயை விட்டுப் போய், அந்த இடத்தில் இது வந்து குந்திக்கொண்டது. கூப்பிட்டால் அவர் ‘ஓம்’ என்பார். ரோஷம் கெட்ட மனுஷன் என்று ஓல்போர்க் நகரத்துத் தமிழர்கள் தங்களுக்குள் சிரித்தார்கள். டென்மார்க்கில் பிறந்த மகள் மிதுஷாவோ அது செல்லப்பேர் என்றே நம்பி வளர்ந்தாள்.

செல்லமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தொண்ணூற்று மூன்றில் சண்டைக்குப் பயந்து வன்னியில் இடம்பெயர்ந்து கிடந்தபோது, மூத்த பிள்ளை துவாரகனுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. வயது பதினான்கு மாதம். நவரத்தினம் சைக்கிளில் போய் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியிடம் இரண்டு மாத்திரை, ஊர்ப்பேச்சில் குளிசை, வாங்கி வந்தார். நாளுக்கு ஒரு பாதியாக, சீனியில் குழைத்து மூன்று நாள் கொடுத்தார். நாலாம் நாள் விடிய பிள்ளை இல்லை. செத்தவீடு முடிந்து அவள் அவரின் சட்டையைத் தோய்க்கையில், அதன் பையிலிருந்த கடதாசி மடிப்பில் மிச்சப் பாதி இருந்தது. கைப்பென்று பிள்ளை அழ, இந்த மனுஷன் மனம் இளகிப் பாதிப் பாதியாகக் கொடுத்துக் கெடுத்துவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். அப்போதிக்கரி அரைதான் குடுக்கச் சொன்னவர் என்று அவர் ஒரேயொரு முறை சொன்னார்.

“பிள்ளையையும் விழுங்கிப்போட்டு அப்போதிக்கரியிலை பழி போடாதேங்கோ” என்றாள். அதன்பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

டென்மார்க் வந்து, மீன் தொழிற்சாலை, முதியோர் இல்லம் என்று அலைந்து, கடைசியில் அவள் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். உகண்டாவிலிருந்து தடித்த அட்டைகள் வரும். அவற்றில் காய்ச்சல்காரப் பிள்ளைகளின் ரத்தம் பொட்டுப்பொட்டாகக் காய்ந்திருக்கும். ஒவ்வொரு பொட்டிலும் சின்ன வட்டம் வெட்டிக் குழாயில் போட்டு இலக்கம் எழுதுவது இவள் வேலை. மலேரியாக் கிருமி மருந்துக்கு மசியாமல் மாறுகிறதா என்று மற்றவர்கள் அதில் பார்ப்பார்கள். அட்டையில் பேரும் இல்லை, வயதும் இல்லை. என்றாலும் ஒரு பொட்டைக்கூட அவள் வீணாக்கியதில்லை. காலையில் நவரத்தினம் காரில் கொண்டுவந்து இறக்குவார், சாப்பாடு கட்டிக் கொடுப்பார், பனிக்காலத்தில் கால்மணி முன்னதாகவே வந்து காத்து நிற்பார். ஒரு காரியத்தையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதருக்குத்தான் அந்தப் பேர்.

பெப்ரவரியில் அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். மிதுஷா பூக்கடையில் சொல்லி, மலர்வளைய நாடாவில் டேனிஷ் எழுத்தில் ‘எங்கள் அன்பு அரைக்குளிசைக்கு’ என்று தங்க நிறத்தில் அடிப்பித்திருந்தாள். வாசித்த சரோஜினிதேவிக்கு அழுகை வரவில்லை. பொருத்தமாய்த்தான் இருக்கிறது என்று நினைத்தாள். பாவி, அந்த நேரத்திலும் அப்படி நினைத்தாள்.

மே மாதம் உகண்டாவிலிருந்து டாக்டர் நகாத்தோ என்ற ஆய்வாளர் வந்தார். வெள்ளிக்கிழமைக் கேக்கோடு எல்லோரையும் இருத்தி, நீங்கள் வெட்டிய பொட்டுகளில் என்ன தெரிந்தது என்று படம் போட்டுக் காட்டினார். இப்போதைய நல்ல மருந்துக்கும் சில மாவட்டங்களில் கிருமி மெதுவாகத்தான் சாகிறதாம். இது முந்தியும் நடந்ததுதான் என்று சொல்லி, தொண்ணூறுகளில் எங்கும் கொடுத்த பழைய மலேரியாக் குளிசையின் உறை ஒன்றைப் படமாகப் போட்டார். பெரியவர் உருவத்துக்குப் பக்கத்தில் முழு வட்டங்கள். கைக்குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு அரை வட்டம்.

சரோஜினிதேவி கேக் தட்டைக் கீழே வைத்தாள். அந்த அரை வட்டம் என்ன என்று கேட்டாள். ஒரு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் மருந்து என்றார் நகாத்தோ. பதினான்கு மாதம் என்றால்? அதுவும் அரைதான். அதற்குமேல் கொடுத்தால் பிள்ளைக்கு ஆபத்து.

எல்லோரும் எழுந்து போன பிறகு, தெரிந்த ஆங்கிலத்தில் துவாரகனைப் பற்றிச் சொன்னாள். ஆய்வுகூடத்தில் அந்தப் பேரை அவள் சொன்னது அன்றுதான். நகாத்தோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளையின் கிருமி எப்படிப்பட்டது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் காலத்தில் அந்த மருந்து பல நாடுகளில் கேட்காமல் போயிருந்தது, சரியாகக் கொடுத்தவர்களும் பிள்ளைகளைப் புதைத்தார்கள் என்றார்.

“உங்கள் கணவர் கொடுத்தது சரியான அளவு. அவரிடம் சொல்லுங்கள்.”

ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அஸ்தி கரைக்க ஹால்ஸ் துறைமுகத்திலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் போனார்கள். நல்ல வெயில். கரை மறைந்ததும் படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். மிதுஷா விம்மியபடி, “போயிட்டு வாங்கோ, அரைக்குளிசை” என்று தொடங்கினாள். தாய் அவள் வாயைப் பொத்தினாள். பிறகு கலயத்தைக் கவிழ்த்தாள். சாம்பல் தண்ணீரில் கொஞ்சம் மிதந்து கலைந்தது.

“இஞ்சாருங்கோ” என்றாள் சரோஜினிதேவி. பதில் வராத இடத்தைப் பார்த்து இன்னொருமுறை, “இஞ்சாருங்கோ” என்றாள்.

பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டிராத மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆரை அம்மா கூப்பிடுறீங்கள் என்று கேட்டாள்.