வேப்பிலை கட்டிய டிராக்டர்

அம்மை என்பது கிருமி, ஆத்தா அல்ல என்று ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை கெட்டது. கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். வகுப்பில் பேசுவதற்குத்தான் சம்பளம். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பூதக்கண்ணாடி, காந்தம், மெழுகுவத்தி, கண்ணாடி டம்ளர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்குக் கிளம்பிவிடுவேன். பஸ் ஓடினால் மலைமேல் ஊர்களுக்கும் போவேன்.

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது, கிரகணத்தன்று சாப்பிட்டால் ஏன் ஒன்றும் ஆகாது, ரோட்டோரம் புளியமரங்களை அந்தக் காலத்தில் எதற்கு நட்டார்கள், எதைக் கேட்டாலும் சொல்வேன். கூட்டம் நன்றாகக் கேட்கும். "டீச்சர் நல்லா சொல்லுது" என்று பாராட்டும். பிறகு வீட்டுக்குப் போய் பழையபடியே எல்லாம் செய்யும். எரிச்சல் எரிச்சலாக வரும் எனக்கு.

அம்மை விஷயத்தில்தான் ஜாஸ்தி வாதம். பெரியம்மை தடுப்பூசியால் ஒழிந்துபோய்விட்டது, இப்போது வருவது சின்னம்மை, அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் கிருமி என்பேன். வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டார், அதனால் நோய் பரவாது, அந்த மட்டில் அது நல்ல வழக்கம்தான் என்றும் சொல்வேன். "பாத்தியா, டீச்சரே வேப்பில நல்லதுன்னு சொல்லிடுச்சு" என்று அதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். இவர்களோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் யார்?

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் ஒரு முறை, சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டு எங்கள் பக்கமே அடைபட்டது. கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளைகள் கரும்பு வெட்டப் போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் அடைபட்டுக் கிடப்பது அடைபட்டுக் கிடப்பதுதான். பஸ் இல்லை, பேப்பர் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. சங்கராபுரம் பக்கம் போனாலும் மரம், கள்ளக்குறிச்சி பக்கம் போனாலும் மரம். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கிறதாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சிடுசிடுவென்று இருந்தோம்.

ஒருத்தி மட்டும் சந்தோஷமாக இருந்தாள். என் நாத்தனார்.

அவளைத் திருநாவலூர் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. புருஷன் குடிகாரன்கூட இல்லை, அதுதான் எனக்குப் புரியவே இல்லை. நல்ல நினைவோடு இருந்துகொண்டே அடிப்பான். முதுகில் கயிற்றுத் தழும்போடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்திருந்தாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பொண்ணை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். "நீ சும்மா இரு, ஊர்ல இன்னா பேசுவாங்க?" என்றார். தங்கச்சி முதுகைவிட ஊர் வாய் அவருக்குப் பெரிதாகிவிட்டது. அனுப்புவதாக இருந்த அன்றைக்குத்தான் மரங்கள் விழுந்தன.

"அண்ணி, இந்த மரத்தையெல்லாம் எடுக்காம அப்படியே வுட்டுட்டா நல்லா இருக்கும் இல்ல?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, அடுப்பு மூட்டக் காய்ந்த கரும்புச் சோகை இழுக்கப் போனவள் "அண்ணி!" என்று கத்தினாள். சோகைப் போருக்குள் குக்கர் சீறுகிற மாதிரி சத்தம். கண்ணாடி விரியன். அந்தச் சீறலை ஒரு தரம் கேட்டவர் மறக்கமாட்டார். கணுக்காலுக்கு மேலே இரண்டு பல் தடம்.

விரியன் விஷம் என்ன செய்யும் என்று நான் எத்தனையோ கூட்டத்தில் விளக்கியிருக்கிறேன். நமக்கு விரலில் வெட்டுப்பட்டால் ரத்தம் சற்று நேரத்தில் பால் தயிராவது போல உறைந்து காயத்தை அடைத்துவிடும். விரியன் விஷம் அந்த உறைகிற சக்தியைத் தின்று தீர்த்துவிடும். அப்புறம் ரத்தம் தண்ணீராக ஓடும். ஈறில் கசியும், சிறுநீரில் போகும், உள்ளுக்குள்ளேயும் போகும். மந்திரத்துக்கும் பச்சிலைக்கும் அது கட்டுப்படாது. மாற்று மருந்து ஊசியாகப் போட வேண்டும், சீக்கிரம் போட வேண்டும். ஊசி இருந்தது கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில். இவ்வளவும் தெரிந்து என்ன பிரயோஜனம்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் காலை இறுக்கிக் கட்டினோம். அப்படிக் கட்டக் கூடாது என்று இப்போது சொல்கிறார்கள், அன்று எங்களுக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டரைக் கொண்டுவந்தார். டிரெய்லரில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அவளைப் படுக்க வைத்தோம். நானும் என் வீட்டுக்காரரும் ஏறினோம். பார்த்தால் டிராக்டர்காரர் வேப்பங்கிளையை ஒடித்து வண்டி முன்னால் கட்டிக்கொண்டிருக்கிறார்!

"இன்னா பண்றீங்க?" என்றேன்.

"நேத்து ஒருத்தன் தலையில கட்டுப் போட்டுக்கினு, ஆஸ்பத்திரி போறேன்னு சொல்லி மறியல் பண்றவனுங்கள ஏமாத்திட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டான். இனிமே நோயாளின்னு சொன்னா நம்பமாட்டானுங்க. ஆத்தா போட்ட வண்டின்னா கிட்டகூட வரமாட்டானுங்க."

"நான் எப்படிங்க அந்த வண்டியில..."

"டீச்சரம்மா, பாடத்த அப்புறம் எடுக்கலாம். ஏறி ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். மஞ்சள் துணியை அவள் கழுத்து வரைக்கும் போர்த்தி, கையில் ஒரு கொத்து வேப்பிலையோடு உட்கார்ந்தேன். வழியில் என் பழைய மாணவி ஒருத்தி பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

முதல் தடுப்பில் தந்திரம் பலித்தது. பையன்கள் வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி, பக்கத்துத் தரிசு வழியாகப் போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது, ஏரிக்கரை மேல். பெரிய புளியமரம் கரையை அடைத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், இன்னொரு பக்கம் நடவு வயல். சுற்றிப் போக இடம் இல்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பால் வண்டி மாட்டிக்கொண்டு நின்றது.

அங்கேயும் பையன்கள் பயபக்தியோடு விலகி நின்றார்கள். நின்றார்களே தவிர மரத்தைத் தொடவில்லை, வண்டியையும் தொடவில்லை. கட்டிலைத் தூக்கி அந்தப் பக்கம் வையுங்கள் என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். "ஆத்தா படுத்திருக்கற கட்டில நாங்க தொடலாமாண்ணா? தீட்டுக் கீட்டு ஆயிடும்" என்றான் ஒருவன். நாங்கள் மூன்று பேர் அந்த மரத்துக்கு மேலே கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. அதற்குள் ஊருக்குள் சேதி போய்விட்டது. பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து டிராக்டர் சக்கரத்தில் ஊற்றினார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். ஒரு அம்மா கூழ் கரைத்துக்கொண்டு வருவதாகவும், ஆத்தா அதுவரைக்கும் நகரக் கூடாது என்றும் சொல்லிவிட்டு ஓடினார்.

அவள் ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன். "இது அம்மை இல்ல! பொய் சொல்லிட்டோம்! பாம்பு கடிச்சிருக்குது, விரியன்! கட்டிலத் தூக்குங்க!"

ஒரு கிழவி கையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"பாம்பா? எந்தாயே! நாகாத்தாளே வந்துட்டாளா!"

குலவை கிளம்பியது. இன்னும் நாலு குடம் மஞ்சள் தண்ணீர் வந்தது. அட பாவிகளா! உண்மையைச் சொன்னால் அதையும் தூக்கிச் சாமிக்கே மாலையாகப் போடுகிறார்களே! எத்தனை வருஷம் தொண்டை கிழியப் பேசினேன், யாருக்குப் பேசினேன்? அந்த டிரெய்லரில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதேன். அவள் என் கண் முன்னாலேயே போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கட்டிலில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். முடி அவிழ்ந்து, மஞ்சள் தண்ணீரில் நனைந்து, கடைவாயில் ரத்தம். எங்கள் வீட்டில் யாரும் ஒரு நாளும் கேட்டிராத குரலில் ஒரு அதட்டல் போட்டாள்.

"ஏய்! எவன்டா எனக்கு முன்னாடி மரத்தப் போட்டவன்?"

குலவை பாதியில் நின்றது.

"நான் கள்ளக்குறிச்சி போவணும். ஆஸ்பத்திரி வாசல்ல எனக்கு வேல இருக்குது. தூக்குங்கடா கட்டில! இன்னும் ஒரு நாழி என்ன இங்க ஒக்கார வெச்சீங்க, இந்த ஊர்ல ஒரு வூட்லயும் வெளக்கு எரியாது!"

ஆத்தாவுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அத்தனை பேரும் பாய்ந்தார்கள். கட்டில் மரத்துக்கு மேலே அந்தரத்தில் போனது. பால் வண்டிக்காரர் கேன்களை இறக்கிப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். இரண்டு பையன்கள் சைக்கிளில் முன்னால் பறந்து, அடுத்த தடுப்பில் சொல்லி வைத்தார்கள். அங்கே ஆட்கள் கட்டிலைத் தூக்கத் தயாராகவே நின்றார்கள்.

வண்டிக்குள் அவள் என் மடியில் சாய்ந்தாள். "அண்ணி, ரொம்ப வலிக்குது" என்றாள். பழைய குரல்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா அவள் ரத்தத்தைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேசைமேல் நிறுத்தி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சாய்த்துப் பார்த்தார். தண்ணீராக ஓடியது. ஊசி மருந்து ஏற்றினார்கள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி ஓடியது. மறுநாள் காலையில் எடுத்துச் சாய்த்தபோது குழாயோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. உறைந்த ரத்தத்தை நான் பாடமாக எத்தனை தரம் நடத்தியிருப்பேன்! அன்றைக்குத்தான் அதைக் கும்பிடத் தோன்றியது.

அவளுக்குத் தெம்பு வந்ததும் மெதுவாகக் கேட்டேன். அருள் வருவதைப் பற்றி நான் கூட்டங்களில் சொல்வதுண்டு. மேளச் சத்தம், மூச்சு வாங்கும் வேகம், சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து மனசு தன் பிடியை விட்டுவிடும், அது நடிப்பும் இல்லை, சாமியும் இல்லை என்பேன். அப்படித்தானா என்றேன்.

"இல்லண்ணி. நடிச்சேன்" என்றாள் பளிச்சென்று. "நீங்க அவ்ளோ கத்தனீங்க, யாராச்சும் கேட்டாங்களா? எனக்காக நான் எதுனா கேட்டா இன்னா, செத்தா இன்னா? ஆத்தா கேட்டா தூக்கறாங்க."

அவள் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மரங்களை அறுத்து ஓரம் தள்ளி, பஸ் விட்டார்கள். முதல் பஸ்ஸிலேயே அவள் புருஷன் வந்துவிட்டான். ஏரிக்கரைச் சங்கதி அவன் ஊர் வரைக்கும் போயிருந்தது. வார்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். கையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும். உள்ளே வராமல் எட்டிப் பார்த்தான். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். என் வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்.

"அக்கா, இவங்க வூட்ல யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்" என்றான். "நீங்க சயின்ஸ் டீச்சரு. சாமி இல்ல, பேய் இல்லன்னு ஊர் ஊரா சொல்றவங்க. நீங்க பொய் சொல்லமாட்டீங்க. அன்னிக்கு அது மேல வந்தது நெஜமா ஆத்தாதானா? இல்ல, பயத்துல எதுனா ஒளறுச்சா? ஒளறல்னா சொல்லுங்க, இன்னிக்கு பஸ்லயே வூட்டுக்கு இட்டுக்கினு போயிடறேன்."

வாழ்க்கையில் என்னிடம் இவ்வளவு நேராக ஒருவரும் விளக்கம் கேட்டதில்லை. மேளம், மூச்சு, மனசு என்று சொல்ல வேண்டிய எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பிக்க வழியில்லாமல் சுவரோடு சாய்ந்து நின்றேன்.

"ஆத்தாதான்" என்றேன். "நானே கண்ணால பாத்தேன். இனிமே இந்த ஒடம்புமேல கை வெச்சவன் கை வெளங்காதுன்னு சொல்லிச்சு."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மாப்ள, நானும் கேட்டேன்" என்றார்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை வாசற்படியில் வைத்து, அங்கிருந்தே தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் படி இறங்கிப் போனான். இத்தனை வருஷத்தில் நான் விளக்கிச் சொன்ன ஒன்றை எதிர்க்கேள்வி போடாமல் நம்பிப் போன ஒரே ஆள் அவன்தான். என் நாத்தனார் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை.