கணக்கில் வராத தூறல்

அண்ணியின் ஃபிளாஸ்க் சமையலறை ஜன்னலில் கவிழ்ந்து கிடக்கிறது. நேற்றே கழுவி வைத்தேன்; மழை ஈரத்தில் இன்னும் காயவில்லை. மேல் பூச்சு சிவப்பு, அதுவும் பாதிக்கு மேல் உரிந்து தகரம் தெரிகிறது. மூடியையே குவளையாக வைத்துக் குடிக்கும் பழைய ரகம். மூடியின் ஓரத்தில் ஒரு நசுங்கல் உண்டு. அந்தப் பக்கம் வாய் வைத்தால் காப்பி தாடையில் வழியும். தெரியாதவர்கள் அந்தப் பக்கம்தான் வைப்பார்கள். வருடம் முழுக்க அலமாரியின் மேல்தட்டில் சும்மா இருக்கும் இதை, கல்லறைத் திருநாளுக்காக ஐப்பசியில் ஒரு முறை இறக்குவேன். மறுபடி ஏற்றிவைக்க மட்டும் எனக்கு மனசு வருவதில்லை. ஒரு வாரம், பத்து நாள் ஜன்னலிலேயே கிடக்கும்.

அண்ணி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்காவை. வரதராசன்பேட்டையில் தையற்கடை வைத்திருந்தார். சீக்கிரமே கணவரைப் பறிகொடுத்து, பிள்ளைகுட்டி இல்லாமல், தையல் மிஷினோடு பேசிக்கொண்டே காலத்தை ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அரியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். டயாலிசிஸுக்குப் போய்வர அதுதான் தோது. வந்த அன்றைக்கே, "ஒனக்குப் பாரமா வந்துட்டேன் புள்ள, ஆனா ஜாக்கெட்டுக்கு இனிமே நீ கூலி குடுக்க வேணாம்" என்று சொல்லிச் சிரித்தார். பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

அந்த நோயில் வலியைவிடக் கொடுமை தாகம். உள்ளே போகும் தண்ணீர் வெளியேற வழியில்லை என்பதால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தார். காப்பி, ரசம், கஞ்சி எல்லாம் அந்த அளவுக்குள்ளேதான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அளவு என்றால் எனக்கு அளவுதான். காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய பங்கை நிரப்பி மேஜைமேல் வைத்துவிடுவேன். அண்ணி ஒரு டம்ளர் காப்பி குடித்தால் அதே டம்ளர் அளவுக்குப் பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவேன். "கடங்காரி, அந்தச் செம்பருத்தி என் தண்ணியக் குடிச்சுத்தான்டி இப்பிடிப் பூக்குது" என்பார். திட்டுவாரே தவிர, ஒரு நாளும் எனக்குத் தெரியாமல் ஒரு வாய் அதிகம் குடித்ததில்லை.

கோடையில் அவர் பட்ட பாட்டைச் சொல்லக் கூடாது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி அரியலூர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகப் போக ரோட்டோரத்து இலையெல்லாம் வெளுத்து நிற்கும். அண்ணி ஈரத் துணியை உதட்டில் வைத்துக்கொண்டு நாற்காலியில் கண்மூடிக் கிடப்பார். அடுத்த வீட்டில் குழாய் திறந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஐப்பசி வந்து, மழை விழுந்து, இலைகள் மறுபடி பச்சையாகி, காற்றில் ஒரு குளுமை ஏறியதும் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தாகம் பாதியாகக் குறைந்துவிடும். தீபாவளிக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் குளுமைக்காக ஐப்பசியை எதிர்பார்த்துக் காத்திருந்த ஒருவரை அப்போதுதான் பார்த்தேன்.

அந்த மாதத்தில் அவர் அனுபவிக்காதது எதுவும் கிடையாது. மழை விட்டு ஒரு துண்டு வெயில் வாசலில் விழுந்தால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதத்தை மட்டும் அதில் நீட்டிக்கொள்வார். வெயில் நகர நகர நாற்காலியும் நகரும். இஸ்திரி போட்ட புடவையை மடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கன்னத்தில் வைத்துக்கொள்வார். காலையில் எழுந்ததும், இன்றைய தண்ணீரை எப்படிச் செலவு செய்வது என்று கல்யாண விருந்துக்குத் திட்டம் போடுவதுபோல யோசிப்பார். "இன்னிக்கு ரசம் வேணாம். சாயங்காலம் மழ வரும்போல இருக்கு. அப்ப ஒரு காப்பி குடிச்சிக்கிறேன்." மழை வரும்வரை காத்திருப்பார். வராவிட்டால் வானத்தைத் திட்டிவிட்டுக் குடிப்பார். நானோ, காப்பியை ஒரு கையிலும் விடைத்தாளை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, குடித்தேனா இல்லையா என்பதே தெரியாமல் டம்ளரைக் கழுவப் போட்டவள்.

ஏலாக்குறிச்சிப் பக்கம்தான் என் வீட்டுக்காரர் குடும்பத்தின் சொந்த ஊர். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரமே கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, அன்றைக்குச் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்துவோம். பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லி மந்திரித்துக்கொண்டே வருவார். இந்த ஃபிளாஸ்க் என் மாமனாருடையது. தன் மனைவியின் கல்லறையை மந்திரித்து முடிந்ததும் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்து இதிலிருந்து காப்பி ஊற்றிக் குடிப்பாராம். "செத்தவங்களுக்கு மெழுகுவத்தி, இருக்கிறவங்களுக்குக் காப்பி" என்பாராம். அவர் போன பிறகு அவர் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணி குடித்தார். ஒரு வருடமும் தவறியதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வந்த இரண்டாவது ஐப்பசி. உடம்பு நன்றாகத் தளர்ந்துவிட்டது. அடுத்த வருடம் அந்தத் திட்டில் தான் உட்கார்ந்திருக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அன்று காலையிலிருந்து மாத்திரை போட்ட ஒரு வாயைத் தவிர அண்ணி எதுவும் குடிக்கவில்லை. அந்த ஒரு குவளைக்காக மிச்சம் பிடித்தார். நானே பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் இறக்கி, குவளையால் அளந்து, சரியாக ஒரே ஒரு குவளை காப்பியை ஃபிளாஸ்க்கில் ஊற்றினேன். பஸ்ஸில் அதைக் குழந்தைபோல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

மந்திரித்து முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. குடை விரித்தோம். அண்ணி திட்டில் உட்கார்ந்து, காப்பியை மூடியில் ஊற்றி, ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். அந்த நேரம் பார்த்து எங்கள் பெரிய மாமா, அதாவது என் மாமனாரின் ஒன்றுவிட்ட அண்ணன், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி வந்தார். எங்கள் பக்கத்தில், எதிரே ஒருவர் வந்துவிட்டால் அவரைக் கூப்பிடாமல் எதையும் வாயில் வைக்க முடியாது. பிறந்ததிலிருந்து ஊறிப்போன பழக்கம். "இருக்கட்டும், நீங்க சாப்புடுங்க" என்று சொல்லி அவர் நகர்ந்துவிட வேண்டும். அதுவும் அதே பழக்கத்தில் சேர்த்தி.

"வாங்க பெரியப்பா, காப்பி குடிக்கிறீங்களா?" என்று அண்ணி கேட்டுவிட்டார்.

"குடு தாயி, குளுரு நடுக்குது" என்று மாமா கையை நீட்டினார்.

"மாமா, அது..." என்று ஆரம்பித்தேன். அண்ணி என் காலைத் தன் காலால் அழுத்தினார். நசுங்கல் இல்லாத பக்கத்தை அவர் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் மூடியை நீட்டினார். மாமா நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு "ஆங்" வேறு. அண்ணி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, "மழைக்கு எதமா இருந்துச்சு, நல்லா இருப்ப" என்று மூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். மாமாமீதா, அண்ணிமீதா, அளந்து ஊற்றிய என்மீதா என்று தெரியவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் காலி மூடியை மோந்துபார்த்தார். "மனுசன ஒரு பேச்சுக்குக் கேட்டா நெசமாவே வாங்கிக் குடிச்சிட்டாரே!" என்றார். அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "ஆனா என்னமா ரசிச்சுக் குடிச்சாரு பாத்தியா? நான் குடிச்சிருந்தாக்கூட அவ்வளவு ருசி இருந்திருக்காது."

"ரோட்டுக்குப் போவோம் அண்ணி, டீக்கடையில ஒரு காப்பி வாங்கித் தரேன். இன்னிக்கு அளவுல இன்னும் பாக்கி இருக்கு" என்றேன்.

"வேணாம் புள்ள. அது இங்க ஒக்காந்து குடிக்கிற காப்பி இல்லையே" என்றார்.

பிறகு குடைக்கு வெளியே முகத்தை நீட்டினார். மழை தூறலாகக் குறைந்திருந்தது. நெற்றியிலும் மூக்கிலும் விழுந்து உதட்டுக்கு வந்த தண்ணீரை நாக்கால் தொட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "இது ஒன் கணக்குல வராதுல்ல?" என்றார். "வராது அண்ணி" என்றேன். வெகுநேரம் அப்படியே இருந்தார். சளி பிடிக்கும் என்று நானும் சொல்லவில்லை.

தை பிறப்பதற்குள் அண்ணி போய்விட்டார். வாழ்க்கை கொஞ்ச நாள் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். நானும் எத்தனையோ துக்க வீடுகளில் அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கொஞ்சத்தை ஒவ்வொரு நாளாக எடுத்து, அந்த நாளையும் ஒவ்வொரு குவளையாக எடுத்து, மழை வரட்டும் என்று காத்திருந்து குடித்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். இப்போது விடைத்தாளை மேஜையில் வைத்துவிட்டுத்தான் நான் காப்பியை எடுக்கிறேன். அதுகூட எல்லா நாளும் முடிவதில்லை.

நேற்றுமுன்தினம் ஊருக்குப் போனோம். இந்த முறை ஃபிளாஸ்க் நிறையக் காப்பி. அண்ணியின் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூடியில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மாமா கோல் ஊன்றிக்கொண்டு வந்தார். "வாங்க மாமா, காப்பி குடிங்க" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. வாங்கி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, அண்ணியின் கல்லறையைக் காட்டி, "அன்னிக்கு மழையில இந்தப் புள்ள ஒரு காப்பி குடுத்தா பாரு, அந்த மாதிரி காப்பி அதுக்கப்பறம் நான் குடிக்கவே இல்ல" என்றார். அது என்ன காப்பி என்று இன்றுவரை நாங்கள் அவரிடம் சொன்னதில்லை. இனியும் சொல்லப் போவதில்லை.

"அவளுக்கும் கொஞ்சம் ஊத்தும்மா, பாத்துக்கிட்டே இருக்காள்ல" என்றார் மாமா.

செவ்வந்திப் பூக்களை ஒதுக்கிவிட்டு ஃபிளாஸ்க்கைச் சாய்த்தேன். ஈர மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது. "போதும்மா, போதும்" என்று மாமா சொல்வது கேட்டது. கடைசிச் சொட்டுவரை ஊற்றினேன். அளந்து பார்க்கவில்லை.