மாப்பிள்ளைக்கு ஒரு சவரம்

முடிவெட்டும் கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் சந்தேகப் பிராணி. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜென்மமா அது? அப்படிப்பட்டவரிடம் அவருடைய ஒரே மகள், லிஃப்ட் மெக்கானிக் ஒருவனைக் காட்டி, "இவரைத்தான்பா கட்டிக்குவேன்" என்று சொல்லிவிட்டாள்.

பையன் தங்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கேதான் இவருக்கு இடித்தது. இவருடைய அக்கா புருஷனையும் தங்கம் என்றுதான் சொன்னார்கள். அக்கா உதடு வீங்கி வாசலில் வந்து நின்றபோதும் அதையேதான் சொன்னார்கள்.

"சும்மா வாங்க தம்பி, முகம் வழிச்சு விடறேன்" என்று அவனை நாற்காலியில் உட்கார வைத்தார். காதோரம் நுரை பூசக் கையைத் தூக்கியதும் பையன் தலை சட்டென்று தோளுக்குள் போனது. அடி வாங்கி வளர்ந்த தலை. இவர் பார்க்காத தலையா?

"யார் அடிச்சது?"

"அப்பா. வேலையில யார்கிட்டயாவது திட்டு வாங்கிட்டு வருவாரு. அங்க திருப்பிப் பேச முடியாது. வீட்ல நான் இருந்தேன்."

போச்சுடா என்று நினைத்துக்கொண்டார். வாங்கினவன் கொடுக்காமல் இருப்பானா? பார்த்துவிடுவோம் என்று காதைப் பிடித்துத் திருகினார். நுரையைச் சட்டையில் வழித்தார். "கிரீஸ்ல புரள்ற ஆளுக்கு வெள்ளைச் சட்டை கேக்குதாக்கும்" என்றார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

பையன் முகம் சிவந்தது. பாதி நுரையோடு விருட்டென்று எழுந்து வெளியே போனான். மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே இவர் கத்தியை மடக்கினார்.

அவன் தெருவில் அங்கும் இங்கும் நடந்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"கோபம் வந்துருச்சு மாமா. வந்தா அந்த இடத்துல நிக்க மாட்டேன். உங்க பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். என் கையை நான் நம்புறதில்லை."

அக்காவைக் கட்டிய அந்தத் தங்கம் ஒருநாளாவது இப்படிச் சொல்லியிருக்குமா? மிச்ச முகத்தைக் கீறல் படாமல் வழித்தார்.

"வேணும்னேதான் பண்ணேன் தம்பி."

"தெரியும். காதைத் திருகியா சவரம் பண்ணுவாங்க?"

கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் போன அன்று மாப்பிள்ளை கடைக்கு வந்து, கண்ணாடி முன்னால் ஒரு சாவியை வைத்தான்.

"எங்க வீட்டுச் சாவி மாமா. சந்தேகம் வந்தா கதவைத் தட்டாதீங்க. திறந்துட்டு உள்ள வாங்க."

வேண்டாம் என்று சொல்கிற ஆளா இவர்? சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாளே போய், அது அந்தக் கதவின் சாவிதானா என்று போட்டுப் பார்த்தார்.

திறந்தது.